கடலில் பெருமீன் கூடுமிடம்

சூலக்கரை வட்டாரத்துக் குடியானவர்களுக்குக் கடல் தூரமானது. ஆயினும் கடற்பொருள்கள் இரண்டு நம் கிராமங்களுக்கு வருகின்றன. ஒன்று, சந்தைக்கு வரும் மீன். மற்றொன்று, தென்னைக்கு எருவாகவும் கோழிக்குத் தீனியாகவும் வாங்கப்படும் உலர்ந்த சிறுமீனும் மீன்தூளும். பின்னதை அளவின்றி எடுத்தால் முன்னது குறையும். அதன் காரணத்தை ஈண்டு விளக்குவோம்.

கண்மாய் வற்றி, கெண்டைக் குஞ்சுகள் ஒரு பள்ளத்தில் ஒதுங்கியதும் கொக்கும் நாரையும் அங்கே வந்து கூடுவதை யாவரும் கண்டிருப்பர். கடலிலும் அவ்விதமே நிகழ்கிறது. வேம்பாறு, தூத்துக்குடிக் கடலில் பிடிபடும் சீலா, சூரை, பாறை முதலிய பெருமீன்கள் சாளை, நெத்திலிக் கூட்டங்கள் செல்லுமிடமெல்லாம் பின்தொடர்கின்றன. ஓங்கில்களும் அங்கே சேரும். ஆலாப் பறவைகள் வட்டமிட்டு நீரில் பாயுமிடத்தில் மீன் உண்டென்று வலைஞர் அறிவர்.

சிறுமீன் கூடுமிடத்தை நிர்ணயிப்பது கடலின் எருவாகும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரையில், கன்னியாகுமரியை அடுத்த மேற்குக் கரையில் அடிநீர் மேலே எழும்புகிறது. அதனுடன் வரும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் செழிக்கின்றன. மத்தி இப்பாசிகளை உண்டு கொழுக்கிறது. சீலாவும் சூரையும் பாசியை உண்ணமாட்டா. பாசியை அவற்றிற்கேற்ற இரையாக மாற்றித் தருவது சிறுமீனே. இந்த நடுக்கண்ணி அறுந்தால், மேலுள்ளவை வேறிடம் செல்லும். அல்லது பட்டினியால் நலியும்.

இதற்குத் தென் அமெரிக்காவிலுள்ள பெரு தேசம் சாட்சி. குவானோ என்னும் பெயர்பெற்ற எரு, அத்தேசத்தின் கரையில் நெத்திலியைத் தின்று வாழும் பறவைகளின் எச்சமே. 1957-லும் 1965-லும் கடல்நீர் வெப்பமடைந்து நெத்திலி கிட்டாமற் போகவே, அப்பறவைகள் லக்ஷக்கணக்கில் மடிந்தன. 1970-ல் 120 லக்ஷம் டன்னுக்கு மேற்பட்டிருந்த நெத்திலிப் பிடிப்பும், அளவுமீறிய வேட்டையாலும் 1972-ல் வந்த வெப்பத்தாலும் வீழ்ச்சியுற்றது.

நம் நாட்டிலும் உதாரணமுண்டு. மலையாளக் கரையில் மத்தி குறைந்தபோது, 1943-ல் சென்னை மாகாண சர்க்கார் குஞ்சுகளையும் சினைமீன்களையும் பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. கேரளத்தில் 2012-ல் சுமார் 3.9 லக்ஷம் டன்னாயிருந்த மத்திப் பிடிப்பு, 2021-ல் சுமார் 3,300 டன்னாகக் குன்றியது. கடலின் தட்பவெப்ப மாறுதலோடு, குஞ்சுகளைப் பிடித்ததும் இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கலாகாதென 2015-லேயே அங்கே விதி ஏற்பட்டிருந்தது.

எவ்வளவு மீனைக் கடலில் விட்டுவைப்பது? ஏழு கடற்பகுதிகளில் 14 வகைப் பறவைகளை ஆராய்ந்து 2011-ல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடையளிக்கிறது. சிறுமீனின் தொகை, அதன் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும் பறவைகளின் குஞ்சுபொரிப்பு குறையலாயிற்று. ஆகையால் அந்த ஒரு பங்கைக் கடலின் விதைநெல்லாகக் கருதுதல் வேண்டும். விதைநெல்லைக் குத்தித் தின்றவன் மறுபோகம் காணான்.

குடியானவர்கள் செய்யத்தக்கவை வருமாறு:

1. எருவுக்கும் தீனிக்கும் வாங்கும் உலர்மீனில் விரலளவுக் குஞ்சுகள் மிகுந்திருப்பின் அதை வாங்காது விடுக.

2. மீன் எருவில் தழைச்சத்து நூற்றுக்கு 4 முதல் 10 வரையிலும், மணிச்சத்து 3 முதல் 9 வரையிலும் உண்டு. சாம்பல்சத்து மிகக் குறைவு. ஆதலின் மீன் எருவை மட்டும் நம்பாது, தொழுவுரமும் சாம்பலும் சேர்த்திடுக.

3. சந்தையில் வீணாகும் தலை, குடல், செதில் ஆகியவற்றைச் சம எடை வெல்லத்துடன் சேர்த்து, மூடிய பாத்திரத்தில் ஊறவைத்து, நீரிற் கலந்து பயிருக்கு இடலாம். இதற்கெனக் கடலில் ஒரு மீனும் புதிதாகப் பிடிக்க வேண்டுவதில்லை.

4. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடையுண்டு. அந்நாட்களில் மீன் வரத்துக் குறைவதன் காரணத்தைக் கிராம உத்தியோகஸ்தர்கள் மக்களுக்கு எடுத்துரைப்பது நலம்.