தொழிற் கொத்தணியும் தேயிலை மலைகளும்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் நாவலப்பிட்டியைக் கடந்து மலையேறுகையில், வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே றொசல்ல என்னும் சிறு நிலையத்தை அடைகின்றது. எப்பக்கம் நோக்கினும் தேயிலையே கண்ணிற் படும். சரிவுகளிற் கொழுந்தெடுக்கும் பெண்கள், பள்ளத்தில் வரிசை வரிசையாக லயங்கள், மேட்டிலே தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலை, கொழுந்து ஏற்றிச் செல்லும் லொறிகள் ஆகிய அனைத்தும் ஒரே தொழிலைச் சார்ந்தவை. இவ்வாறு ஒரு பிரதேசம் முழுவதும் ஒரு தொழிலையும் அதன் துணைத் தொழில்களையும் பற்றி நிற்கும் அமைப்பைப் பொருளியலார் 'தொழிற் கொத்தணி' என்பர். வளர்ந்துவரும் நாடுகள் முன்னேற வேண்டுமாயின் இத்தகைய கொத்தணிகளை உருவாக்க வேண்டும் என்பது இக்காலத்தில் அடிக்கடி கூறப்படும் அறிவுரை. அப்படியானால், நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரே தொழிலிற் கூடியிருக்கும் மலைநாட்டில், அத்தொழிலுக்கு உழைத்தவர்கள் ஏன் உயரவில்லை? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு முன், கொத்தணி என்பதன் பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும்.

கொத்தணி என்னும் சொல் நம் நாட்டுக் கல்வித்துறைக்குப் புதியதன்று. அயலிலுள்ள பாடசாலைகள் தம் ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் விளையாட்டுத் திடலையும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டையே கொத்தணிப் பாடசாலை என்கிறோம். பத்துப் பாடசாலைகள் அருகருகே இருந்தும் ஒன்றுக்கொன்று உதவாவிடின் அவை கொத்தணியாகா. தொழிலிலும் இதுவே விதி. ஆங்கிலப் பொருளியலறிஞர் அல்பிரட் மார்ஷல் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், கத்தி முதலிய வெட்டுக்கருவிகளுக்குப் பேர்போன ஷெபீல்ட் போன்ற நகரங்களைக் கருத்திற்கொண்டு இதனை விளக்கினார். ஒரு தொழில் ஓரிடத்திற் கூடுவதால் விளையும் நன்மைகள் மூன்று என்பது அவர் கருத்தின் சாரம். தேர்ந்த தொழிலாளர் தேடாமலே கிடைப்பர். கருவி செய்வோரும் மூலப்பொருள் தருவோரும் அருகில் வந்து சேர்வர். தொழில் நுணுக்கம் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இயல்பாகப் பரவும். நூறாண்டுகளின் பின், 1990இல், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் இதே கருத்தை விரித்துரைத்தார். ஒரே துறையில் தம்முட் போட்டியிடும் நிறுவனங்களோடு, அவற்றுக்குத் துணைநிற்கும் ஆராய்ச்சி நிலையங்களும் பயிற்சிக் கூடங்களும் சங்கங்களும் சேர்ந்ததே கொத்தணி என்றார் அவர்.

இவ்விலக்கணத்தை மலைநாட்டுக்குப் பொருத்திப் பார்த்தால், இங்கு உலகிலேயே சிறந்த கொத்தணிகளுள் ஒன்று உருவாகியிருப்பதைக் காணலாம். 1869இல் தோன்றிய இலைநோய் சில ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பி வீழ்ந்த இடத்திலே தேயிலை எழுந்தது. தேயிலைக்கு ஒரு தனித் தன்மை உண்டு. பறித்த கொழுந்து நெடுந்தூரப் பயணத்தைத் தாங்காது. அன்றைக்கே தொழிற்சாலையை அடைந்து வாட்டப்பட வேண்டும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆதலால், தொழிற்சாலை தோட்டத்தின் நடுவிலேயே அமைய நேர்ந்தது. கோதுமையையோ பருத்தியையோ போல மூலப்பொருளை ஏற்றி அனுப்பிவிட்டு இருக்க முடியாமல், மலையுச்சியிலேயே யந்திரமும் கைத்தொழிலும் வந்து குடியேறின.

அடுத்து, தனியொரு தோட்டத்தால் தீர்க்க இயலாத தொல்லைகளைத் தீர்க்கப் பொது நிலையங்கள் எழுந்தன. தோட்டத் துரைமார் கோப்பிக் காலத்திலேயே, 1854இல், தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டனர். அதே ஆண்டில் கண்டியில் ஜோன் வாக்கர் தொடங்கிய பட்டறை கோப்பிப் பழத்தின் தோல் நீக்கும் யந்திரங்களைச் செய்தது. பின்னர் அந்நிறுவனம் தேயிலைத் தோட்டங்களுக்கும் துணைநின்றது. சுமையை இறக்குவதற்குப் புகையிரதப் பாதை 1884இல் அட்டனையும் அடுத்த ஆண்டில் நானுஓயாவையும் எட்டியது. விலையை நிர்ணயிக்க 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிற்று. பயிர்நோயையும் மண்ணையும் ஆராய 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றி, பின்பு தலவாக்கலையில் நிலைபெற்றது. ஒரு தோட்டத்தில் அறியப்பட்ட கவாத்து முறை அடுத்த தோட்டத்துக்குச் சென்றது; ஒரு தொழிற்சாலையில் தேறிய டீமேக்கரை மற்றொரு தொழிற்சாலை அழைத்துக்கொண்டது. மார்ஷல் கூறிய மூன்று நன்மைகளும் இங்கு விளைந்தன என்பதில் ஐயமில்லை.

ஆனால், அந்நன்மைகள் யாவரிடையே சுற்றிவந்தன என்பதை நோக்க வேண்டும். துரையின் அறிவு துரைக்குச் சென்றது; கம்பனியின் முதல் கம்பனிக்குச் சென்றது. கொழுந்தெடுத்த கையும் கவாத்து வெட்டிய கையும் அவ்வட்டத்துக்குப் புறம்பாகவே நின்றன. தமிழகத்திலிருந்து கங்காணிமார் மூலம் அழைத்து வரப்பட்ட மக்களுக்குத் தோட்டமே உலகம். குடியிருந்த லயமும், பிள்ளை படித்த பள்ளியும், அரிசி வாங்கிய பற்றுச்சீட்டும் தோட்டத்துக்கே உரியவை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல குடும்பங்களைப் பிரித்து அக்கரைக்கு அனுப்பியது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. காணியுரிமையில்லாதவன் ஈடு வைக்க முடியாது. ஈடில்லாதவனுக்கு வங்கி கடன் தராது. கடனின்றி ஒரு சிறு பட்டறையும் தொடங்க இயலாது. முப்பது ஆண்டு யந்திரத்தோடு பழகிய தொழிலாளி, அந்த அனுபவத்தைத் தன் சொந்தத் தொழிலாக மாற்ற வழியின்றி ஓய்வுபெற்றான். கொத்தணி இருந்தது, அதில் ஏறிச் செல்லும் ஏணி இல்லை.

ஏணியுள்ள கொத்தணி எப்படியிருக்கும் என்பதற்குத் தமிழகத்தின் திருப்பூர் நல்ல சான்று. அங்கே பனியன், பின்னலாடைத் தொழில் ஒரே கூரையின் கீழ் நடைபெறுவதன்று. துணியைப் பின்னுபவர் ஒருவர், சாயமிடுபவர் மற்றொருவர், அச்சுப் பதிப்பவர் வேறொருவர், தைப்பவர் இன்னொருவர். ஒவ்வொரு வேலையும் தனித்தனிச் சிறு நிறுவனமாக இருப்பதால், பெருமுதல் இல்லாதவரும் ஒரு படியைப் பற்றிக்கொண்டு தொழிலிற் புகலாம். கூலிக்கு வந்த கிராமத்து இளைஞர் பலர், வேலையைக் கற்று, நிலத்தை விற்றும் உறவினரிடம் கடன் பெற்றும் இரண்டொரு யந்திரங்களை வாங்கி முதலாளிகளானார்கள். ஏற்றுமதியாளர் தமக்கெனச் சங்கத்தை 1990இல் நிறுவினர். திருப்பூரிலும் குறைகள் உண்டு. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அவ்வேணி எளிதில் எட்டவில்லை. சாயக் கழிவு நொய்யலாற்றைப் பாழாக்கியது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயத் தொழிற்சாலைகளை மூட உத்தரவிடும் நிலை வந்தது. ஆயினும், தொழிலாளி உரிமையாளனாகும் வழி திறந்திருந்தமையே அந்நகரின் வேகத்துக்குக் காரணமாயிற்று.

உதாரணத்துக்குக் கடல் கடந்து செல்லவும் வேண்டியதில்லை. இலங்கையிலேயே காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களை நோக்குக. அங்கே தேயிலை பெரும்பாலும் சிற்றுடைமையாளரின் கையில் உள்ளது. நாட்டின் மொத்தத் தேயிலையில் இன்று 70 வீதத்துக்கு மேல் சிறு தோட்டங்களிலிருந்தே கிடைக்கின்றது. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் கொழுந்தைப் பறித்து, அதனை விலைக்கு வாங்கும் தொழிற்சாலைக்கு அளிக்கின்றது. விற்பனை வருமானத்தில் 68 வீதம் கொழுந்து தந்தவருக்கும் 32 வீதம் தொழிற்சாலைக்கும் என்னும் பங்கீட்டு விதியை அரசாங்கம் வகுத்துள்ளது. சிற்றுடைமையாளருக்கென ஓர் அதிகார சபையும் உண்டு. ஆராய்ச்சி நிலையத்தின் அறிவு சிறு உழவரின் வாசல் வரை செல்கின்றது. இலையும் ஏலமும் நாடும் ஒன்றே. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே கொழுந்தெடுப்பவருக்கு நிலம் சொந்தம்.

மலைநாட்டில் மாற்றம் வராமலில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளுக்கு வழங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க அரசின் உதவியுடன் தேயிலை, இறப்பர், தும்பு, மாணிக்கம், வாசனைத் திரவியம் முதலிய துறைகளில் கொத்தணிகளை வகுக்கும் முயற்சியும் நடைபெற்றது. உற்பத்தியாளரையும் ஏற்றுமதியாளரையும் ஒரே மேசையில் அமர்த்தி, தேயிலையை மொத்தமாக அனுப்பாது பொதி செய்து பெயரிட்டு விற்கும் வழிகளை ஆராய்வது நல்ல நோக்கமே. ஆனால், உடைமை அரசிடம் இருந்தாலும் கம்பனியிடம் இருந்தாலும், அடிப்படியில் நிற்பவர் அடுத்த படிக்கு வராவிடின் கொத்தணி பாதியே வளரும். கலத்தல், பொதி செய்தல், பெயரிடுதல், ஏலமிடுதல் ஆகிய மதிப்பேற்றும் வேலைகள் பெரும்பாலும் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நிகழ்கின்றன. மலையில் எஞ்சுவது பறிப்பதும் காய்ச்சுவதுமே.

ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் தளரும் என்பதை அண்மைக் காலம் உணர்த்திற்று. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியபோதிலும் பயிர் மீளவில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் உற்பத்தி, மறு ஆண்டில் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகக் குறைந்தது. உரக் கடைக்காரர், லொறிச் சாரதி, தரகர், ஏற்றுமதியாளர் ஆகிய யாவரும் இழந்தனர். ஆனால், சேமிப்பென்று ஒன்றும் இல்லாத தோட்டக் குடும்பமே மிகுதியாக வருந்திற்று. கொத்தணியின் நட்டத்தில் பங்குண்டு, இலாபத்தில் பங்கில்லை என்னும் நிலை நெடுங்காலம் நீடிக்க முடியாது. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாக உயர்த்தப்பட்ட போதிலும், இளைஞர் கொழும்பின் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலை தேடிச் செல்வது நின்றுவிடவில்லை. தேர்ந்த கைகள் நீங்கிய கொத்தணி, ஆடி நின்ற தறியைப் போன்றது.

ஏணியை அமைப்பது எங்ஙனம்? முதற்படி நிலம். 2015க்குப் பிந்திய தனி வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி வழங்கப்பட்டது. அது குடியிருக்கப் போதும், தேயிலை வளர்க்கப் போதாது. சில கம்பனிகள் தொழிலாளருக்குத் தேயிலை மலையின் ஒரு பகுதியைப் பராமரிக்கக் கொடுத்துக் கொழுந்துக்கு விலை தரும் வெளியார் உற்பத்தி முறையைப் பரீட்சித்து வருகின்றன. அதில் உரிமை எத்தனை ஆண்டுக்கு, விலையை நிர்ணயிப்பவர் யார், நட்டம் யாரைச் சாரும் என்பவை எழுத்தில் தெளிவாக இருத்தல் வேண்டும். தெற்கிலுள்ள 68 வீத விதியைப் போன்றதொரு விதி இங்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

இரண்டாவது படி தொழிற்பயிற்சி. ஒவ்வொரு ஸ்டோரிலும் உருட்டும் யந்திரம், உலர்த்தும் அடுப்பு, சல்லடை, மின்மோட்டார் ஆகியவை பழுதுபடுகின்றன. அவற்றைத் திருத்தும் பட்டறைகள் அட்டனிலும் தலவாக்கலையிலும் தோட்டப் பிள்ளைகளின் உரிமையில் நடைபெறுமாயின், கொழும்புக்குச் செல்லும் பணத்தின் ஒரு பகுதி மலையிலேயே தங்கும். மூன்றாவது படி சந்தை. கொழும்பு ஏலம் 2020இலிருந்து மின்னணு முறையில் நடைபெறுகிறது. தேயிலையின் சுவையறியும் கலையும் வாணிபக் கணக்கும் மலைநாட்டு மாணவருக்குக் கற்பிக்கப்பட்டால், தூரம் ஒரு தடையன்று. நான்காவது படி அயல்தொழில். மலைப்பாதையில் ஓடும் புகையிரதத்தைக் காண உலகெங்கிருந்தும் பிரயாணிகள் வருகின்றனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் வழிகாட்டலும் அளிப்பது, தேயிலையோடு இணைந்தும் அதனை முற்றாக நம்பியிராமலும் வாழும் வழி.

கொத்தணியை வளர்ப்பதென்பது புதிய கட்டடங்களை எழுப்புவதன்று. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியவும், கீழே நிற்பவர் மேலே ஏறவும் வழி திறப்பதே. புகையிரதம், தொழிற்சாலை, ஆராய்ச்சி நிலையம், ஏலம் ஆகிய அனைத்தும் மலைநாட்டின் தொழிலுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வாய்த்துவிட்டன. எஞ்சியிருப்பது கொழுந்தெடுப்பவரின் மகளுக்கு அந்நிலையங்களின் கதவைத் திறந்துவிடுவது. அக்கதவு திறக்கும் நாளில், றொசல்லையைச் சூழ்ந்த மலைகள் தேயிலை விளையும் இடமாக மட்டுமன்றி, தேயிலையால் மக்கள் உயரும் இடமாகவும் விளங்கும்.