நுங்கு மாதிரி ஒரு கட்டு

டெல்லி மயூர் விஹார் ஃபேஸ் ஒன்னில் பெரியம்மா வீடு. ஜனவரிக் குளிரில் ரூம் ஹீட்டர் பக்கம் காலை நீட்டியபடி டிவி பார்த்திருக்கிறார். இருபது வருடச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி மந்தம். சுட்டதே தெரியவில்லை. தோல் வழன்று கிடந்ததை மறுநாள் காலையில்தான் பார்த்தார்.

டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து அனுப்பினார். கட்டு மாற்ற வீட்டுக்கு வந்த சிஸ்டர் ஒரு உறையைக் கிழித்து, உள்ளங்கை அகலத்தில் எதையோ எடுத்தார். கண்ணாடி போலத் தெரிந்தது. விரல் பட்டதும் ஆடியது.

“நுங்காட்டம் இருக்கே!”

சிஸ்டர் மலையாளி, நுங்கு தெரிந்தவர். சிரித்துவிட்டார். பெரியம்மா விடவில்லை: “ஈரத்தை வச்சு மூடுறியே, புண்ணு காய வேண்டாமா?”

“காய்ஞ்சா லேட்டாகும் ஆன்ட்டி.”

நாம் வளர்ந்ததெல்லாம் ‘காத்தாட விடு, காயட்டும்’ என்ற வைத்தியத்தில். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார், சிலவற்றைத் திறந்தே விட்டார். மூடியவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் எளிது. புதுத்தோல் காயத்தின் விளிம்பிலிருந்து நகர்ந்து வருகிறது. ஈரம் இருந்தால் வழுக்கிக்கொண்டு வரும். பொருக்கு தட்டிவிட்டால் அதற்கு அடியில் துளைத்துக்கொண்டு வர வேண்டும்.

அந்த ‘நுங்கு’தான் ஹைட்ரோஜெல். பத்தில் ஒன்பது பங்கு வரைகூட வெறும் தண்ணீர். மிச்சம், நூல் போன்ற நீண்ட மூலக்கூறுகள். அவற்றை அங்கங்கே முடிச்சுப் போட்டுவிட்டால் வலையாகிவிடும். தண்ணீரை உறிஞ்சி உப்பும், ஆனால் கரையாது. டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் இந்த முடிச்சைக் கதிர்வீச்சால் போடுகிறார்கள். கரைசலை உறையிலிட்டு மூடிக் கதிரில் காட்டினால் ஜெல்லும் உருவாகிறது, கிருமியும் சாகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இந்த வகைப் பொருளை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் செக் நாட்டு ஓட்டோ விக்டர்லே. ஜெல்லில் கான்டாக்ட் லென்ஸ் செய்யும் அவருடைய முயற்சிக்கு அரசு ஆதரவை நிறுத்தியது. மனிதர் சளைக்கவில்லை. 1961 கிறிஸ்துமஸில், பிள்ளைகள் விளையாடும் உலோகக் கட்டுமான செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே ஒரு சுழலும் இயந்திரம் கட்டி லென்ஸ் வார்த்தார். இன்று கண்ணில் போடும் மென்லென்ஸ் அதன் வாரிசு. காப்புரிமையில் கொழித்தது அமெரிக்கக் கம்பெனிகள்தான் என்பது வேறு கதை.

யமுனைக்கு அக்கரையில் பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் ஒரு ஹைட்ரோஜெல் செய்திருக்கிறது. தன் எடையைப்போல் 350 மடங்குத் தண்ணீரைக் குடித்து, வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. வயலுக்கானது என்றாலும் சூத்திரம் அதேதான்.

எல்லாப் புண்ணுக்கும் இந்த ஜெல் கட்டு ஆகாது. நீர் கொட்டும் புண்ணில் வைத்தால் சுற்றுத்தோல் ஊறி வெளுத்துவிடும். சீழ் இருந்தால் முதலில் அதற்கு வழி பார்க்க வேண்டும். சர்க்கரைக்காரர்களின் கால் விஷயத்தில் எதை வைப்பது என்பதை டாக்டரே சொல்ல வேண்டும். மருந்துக்கடைக் கவுண்டரில் முடிவு செய்கிற சமாசாரம் அல்ல.

எனக்குப் பிடித்தது பெரியம்மாவின் கட்டைப் பிரிக்கும் நேரம். பழைய காஸ் துணி ஒட்டிக்கொண்டு, இரண்டு நாளில் வளர்ந்ததையும் பிய்த்துக்கொண்டு வரும். இது ஓரத்தைத் தூக்கியதும் கழன்று வந்தது. அடியில் இளஞ்சிவப்பாகத் தோல்.

ஹீட்டர் இப்போது சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம். பெரியம்மா காலில் கம்பளி சாக்ஸ்.