பகடைக்குப் பலியாகும் தளபதிகள்

1812 ஜூலை 22. ஸ்பெயினில் சலமாங்கா நகருக்குத் தெற்கே, அரபிலெஸ் குன்றுகளுக்கு அருகில் பிரெஞ்சுப் படையை நடத்திய மார்ஷல் மார்மோனின் கையையும் விலாவையும் ஒரு பீரங்கிக் குண்டு சிதைத்தது. அவருடைய இடது அணி ஏற்கெனவே அளவுக்கு மீறி நீண்டு கிடந்தது. பொறுப்பு போனே என்ற ஜெனரலிடம் போனது. சற்று நேரத்தில் அவரும் காயப்பட்டு வீழ்ந்தார். மூன்றாவதாக குளோசெல் தலைமை ஏற்றார். இடது அணியின் முனையில் நின்ற தோமியேர் கொல்லப்பட்டார். வென்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் தரப்பும் தப்பவில்லை. குதிரைப்படையோடு பாய்ந்த லெ மார்ஷாண் இறந்தார். பெரெஸ்ஃபோர்டு, கோல், லீத் மூவரும் காயப்பட்டார்கள்.

நெப்போலியன் காலத்துத் தளபதி பதுங்குகுழியில் இருந்தவர் அல்லர். துப்பாக்கிப் புகைக்கு நடுவே நிலவரம் தெரிய வேண்டுமென்றால் குதிரைமேல் முன்னால் போயாக வேண்டும். எதிரியின் கண்ணில் படும் பகட்டு உடை வேறு.

அந்தக் காலப் போர்களை மேசைமேல் ஆடிப் பார்க்கும் விளையாட்டுகள் இந்தச் சாவைக் கண்டுகொள்ள வெகுநாள் ஆயிற்று. பிரஷ்ய அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ விதிகளில் வரைபடம் உண்டு, சிவப்பு நீலக் கட்டைகள் உண்டு, சேதத்தைத் தீர்மானிக்கப் பகடை உண்டு. அதைப் பார்த்த பிரஷ்ய ராணுவத் தலைமை அலுவலகத்தின் (ஜெனரல் ஸ்டாஃப்) தலைவர் மியூஃப்லிங், இது விளையாட்டல்ல, போர்ப் பயிற்சி என்று வியந்தாராம். ஆனால் அங்கே தளபதி என்பவர் ஆடுபவரே. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிவரை எந்தக் குண்டும் வராது.

1913-இல் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதினார். பொம்மைப் பீரங்கியால் ஈயச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டம் அது; தன்னையே தளபதியாக்கிக்கொண்டு ஒரு போரையும் அதில் வர்ணித்தார். அந்தத் தளபதிக்குக் கீறல்கூட விழவில்லை. 1962-இல் அவலோன் ஹில் வெளியிட்ட ‘வாட்டர்லூ’வில் அட்டைச் சில்லுகள் எல்லாம் படைப்பிரிவுகள்தான். நெப்போலியனுக்கென்று ஒரு சில்லுகூடக் கிடையாது. இல்லாதவரை எப்படிக் கொல்வது?

இன்றைய விளையாட்டுகள் அப்படியில்லை. ரிச்சர்ட் போர்க் வடிவமைத்து 2010-இல் வெளிவந்த ‘கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: நெப்போலியானிக்ஸ்’ ஆட்டத்தில் தளபதிக்குத் தனிக் கட்டை உண்டு. அவர் சேர்ந்து நிற்கும் படை ஒரு கட்டையை இழந்தால் இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். இரண்டிலும் குறுக்குவாள் முகம் விழுந்தால் அவர் கதை முடிந்தது. எதிரிக்கு ஒரு வெற்றிக்கொடி. ஒரு முறை உருட்டினால் 36-இல் ஒரு வாய்ப்புதான். அற்பம் என்று தோன்றும். ஆனால் ஒரே தளபதி 20 முறை இந்தச் சோதனைக்கு ஆளானால் அவர் சாவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 43 சதவீதம். தளபதி கூட நின்றால் படை உறுதியாக நிற்கும், நிற்பவருக்கோ ஆபத்து. எங்கே நிறுத்துவது என்ற இந்தத் தவிப்புதான் இந்த விதியின் அழகு, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

ஆனாலும் ஒரு குறை தீரவில்லை. கட்டை பலகையைவிட்டுப் போகிறது, ஆடுபவர் போவதில்லை. கையிலுள்ள உத்தரவுச் சீட்டுகளும் மனத்திலுள்ள திட்டமும் அப்படியே இருக்கின்றன. சலமாங்காவில் போனே, குளோசெல் இருவருக்கும் மார்மோனின் மூளை கிடைக்கவில்லை. யார் தலைவர் என்பதே தெரியாமல் கழிந்த அந்த நேரத்தை எந்தப் பகடையும் காட்டுவதில்லை. சாவைக் கணக்கிடக் கற்றுக்கொண்ட இந்த ஆட்டங்கள், சாவுக்குப் பின்வரும் குழப்பத்தை ஒரு கொடியோடு முடித்துவிடுகின்றன.

இதற்கு மருந்து ரைஸ்விட்ஸின் பழைய விதிகளிலேயே இருக்கிறது: நடுவர். நான்கைந்து பேர் கூடி ஆடுகிறீர்களா? ஒருவரை நடுவராக வையுங்கள். தளபதி விழுந்ததும் அவருக்காக ஆடியவரை, திட்டத்தைச் சொல்லவிடாமல் எழுப்பி வெளியே அனுப்புங்கள். அடுத்த அறையில் இருக்கும் நண்பரை அழைத்து அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள்.