கடையில் கேட்ட சத்தம் வீட்டில் இல்லையா? கீபோர்டு வாங்கும்முன் இதைக் கவனிங்க!

கடையில் வாசித்தபோது மயக்கிய சின்தசைசர், வீட்டுக்கு வந்ததும் சப்பென்று இருக்கிறதா? பெரும்பாலும் கோரஸ் எஃபெக்ட் செய்த வேலையாக இருக்கும். ஒரு சத்தத்தை நகலெடுத்து, சற்றே தாமதித்து, லேசாக அலையவிட்டு, அசலோடு கலப்பதுதான் கோரஸ். 1982-ல் வந்த ரோலண்ட் ஜூனோ-60-ல் ஒரு நோட்டுக்கு ஒரே ஆசிலேட்டர்தான். ஆனாலும் ஒலி அகலமாக விரியும். கோரஸ் பட்டன்களின் உபயம்!

டீட்யூன் வேறு ரகம். இரண்டு ஒலிகளில் ஒன்றின் சுருதியை இம்மியளவு விலக்குவது. 440 ஹெர்ட்ஸோடு 442-ஐச் சேர்த்தால், நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். பேட், ஸ்டிரிங்ஸுக்கு அழகு. சுத்தமான ஸ்வரம் பழகும் பிள்ளைக்கு இடைஞ்சல். இதற்காக இரண்டு டோன்களை அடுக்கினால், 64 நோட் பாலிஃபோனி 32 ஆகிவிடும். பெடலை மிதித்துக்கொண்டு வாசித்தால் பழைய நோட்டுகள் பாதியில் அறுந்துபோகும்.

அதனால் கடையில் முதலில் எல்லா எஃபெக்ட்டையும் அணைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வெறும் டோன் பிடித்திருந்தால் மட்டும் கோரஸைப் போடுங்கள். ஹெட்போனில் கேட்டதோடு நிறுத்தாமல், ஒற்றை ஸ்பீக்கரிலும் கேளுங்கள். ஸ்டீரியோவில் விரிந்த கோரஸ், மோனோவில் மெலிந்துபோவது உண்டு. கோயில் கச்சேரி, சர்ச் மேடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அந்த ஒற்றை லைன்தான்.