முளைப்பாரி வீட்டு வாசலில் புதுப்பாட்டு!

முளைப்பாரியைத் தலையில் ஏந்தி ஊர்வலம் வரும் பெண்களை எல்லோரும் பார்த்திருப்போம். அதற்கு முந்தைய ராத்திரிகளில் நடக்கும் அமர்க்களத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வாங்க, ராஜபாளையம் பக்கம் தளவாய்புரத்துக்குக் கூட்டிப்போகிறேன்!

அம்மன் கோவிலில் பொங்கல் சாட்டியாகிவிட்டது. முளைப்பாரி வீட்டுக்குள், வெளிச்சம் படாத அறையில், சட்டி சட்டியாகப் பாசிப்பயறும் தட்டாம்பயறும் மொச்சையும் முளைவிட்டுக்கொண்டிருக்கின்றன. இருட்டில் வளர்வதால்தான் அந்த நெடுநெடு உயரமும் இளமஞ்சள் நிறமும். தண்ணீர் தெளிப்பவரைத் தவிர வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. அதனால் மொத்தக் கூட்டமும் வாசலில்தான். பகலெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப்பேர்; நைட்டிக்குப் பேர்போன ஊராயிற்றே! சோறாக்கி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கும்மி ஒத்திகைக்கு வந்து நிற்கிறார்கள்.

பழைய பாட்டெல்லாம் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட, கை தானாகத் தட்டும். கூத்தெல்லாம் புதுப்பாட்டு வரும்போதுதான்!

கும்மிக்கு ஒரு கணக்கு உண்டு. நாலு சீர், அப்புறம் மூணு சீர், ஆக ஏழு. எட்டாவது இடம் இழுத்து நிறுத்துவதற்கு. ஓர் எழுத்து கூடினாலும் கை மாட்டிக்கொள்ளும், கால் பின்னிக்கொள்ளும். யாப்பிலக்கணம் படிக்காத இந்தப் பெண்களின் உள்ளங்கைக்கு அது அத்துப்படி. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஓர் அக்கா எழுதிக்கொண்டு வந்த முதல் வரி, “மொத்தமாக நைட்டிகளைத் தைத்த கையே.” எடுத்துப் பாடினார். வட்டத்தில் பாதிப்பேர் குனிந்தார்கள், பாதிப்பேர் நிமிர்ந்தார்கள், டமால்! ஒரே சிரிப்பு.

“ஏட்டி, பாட்டு நொண்டுதே!” என்றார் மூத்த பாட்டுக்காரம்மா. மெட்டை வாய்க்குள் முணுமுணுத்துத் தொடையில் தட்டிப் பார்த்தார். ‘மொத்தமாக’வில் ‘க’வை வெட்டினார். ‘நைட்டிகளை’யில் வாலை நறுக்கினார். “இப்போ பாடு.”

“மொத்தமா நைட்டிகள் தைச்சகையே – இங்க
முளைப்பாரி சுத்தியே கொட்டுதம்மா!”

அடடா, பொருந்திவிட்டது! முப்பது ஜோடிக் கைகளும் ஒரே நேரத்தில் விழுந்த அந்தச் சத்தம் இருக்கிறதே, எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. பாடியவர்களுக்கே நம்ப முடியவில்லை. “மதினி, இன்னொருக்கா! இன்னொருக்கா!” என்று மூன்று தடவை சுற்றினார்கள். ஒரு சின்னப் பெண் ஓடிப்போய்ச் செல்போனை எடுத்துவந்து பதிவு செய்தாள். நாளைக் காலை மிஷின் மிதிக்கும்போது கேட்டுக்கொண்டே மனப்பாடம் செய்வார்களாம்.

கூடிப் பாடுவதற்கு இந்த மண்ணில் பஞ்சமா என்ன? இதோ, பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் ஆண்டாள் தோழிகளை எழுப்பிக் கூட்டிப்போகும் 30 பாசுரங்களைப் பாடினாள். இந்தப் பக்கம் சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனுக்குக் காவடிச்சிந்து கட்டினார். பெண் விடுதலையைப் பாட வந்த பாரதி தேடிப் பிடித்ததும் இதே கும்மியைத்தான். ஆனால், அந்த ராத்திரி என்னைச் சொக்க வைத்தது பில் புத்தகத்துப் பாட்டு. ஒருவர் எழுதி, இன்னொருவர் வெட்டி, முப்பது பேர் தட்டிப் பார்த்து நிமிர்த்திய பாட்டு! திருவிழா அன்று கேட்பவர்களுக்கு இது தெரியப்போவதில்லையே என்பதுதான் என் ஆதங்கம். ஒத்திகை ராத்திரிக்கே வந்துவிடுங்கள் என்று எல்லோரையும் இழுக்கத் தோன்றுகிறது.

நாளைக்கு இரண்டாவது பாட்டு. மெட்டு இன்னும் முடிவாகவில்லை. சினிமா மெட்டுத்தான் வேண்டும் என்று இளசுகள் ஒரு பக்கம். அம்மனுக்கு அதெல்லாம் ஆகாது என்று சித்திமார் மறுபக்கம். கலையும்போதும் தெருமுனை வரை அதே வழக்குத்தான்!