அடி அண்ணாமலையும் மாநகராட்சியும்

திருவண்ணாமலைக்குச் செல்வோரில் பலர் மலையின் கீழ்த்திசையிலுள்ள பெரிய கோயிலைத் தரிசித்த அளவில் திரும்பிவிடுகின்றனர். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பாதி வழியைக் கடந்த பின், மலையின் பின்புறத்தில், ஒரு சிற்றூர் இருக்கிறது. அடி அண்ணாமலை என்பது அதன் பெயர். ஆதி அண்ணாமலை என்பாரும் உளர். இங்குள்ள ஆலயத்தின் லிங்கத்தைப் பிரமதேவன் பிரதிஷ்டை செய்தான் என்பது ஐதீகம். பாதையோரத்தில் மாணிக்கவாசகருக்கும் ஒரு கோயில் உண்டு. பெரிய கோயிலுக்குத் தாங்கள் மூத்தவர்கள் என்பதில் இவ்வூராருக்கு ஓர் அடக்கமான பெருமிதம். அதை நாம் குறை கூற மாட்டோம்.

1886-இல் ஏற்பட்ட திருவண்ணாமலை நகராட்சி, 2024-ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்தது. சுற்றியிருந்த பதினெட்டுக் கிராமப் பஞ்சாயத்துகள் அதற்குள் அடங்கின. அடி அண்ணாமலையும் அவற்றுள் ஒன்று. இணைப்பே தகாது என்று நாம் வாதிக்க வரவில்லை. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் கடந்து போகும் வழியில், அவர்கள் விட்டுச்செல்லும் குப்பையை வாரும் சக்தி ஒரு சிறு பஞ்சாயத்துக்கு ஏது?

ஆயினும் கிராமம் இழப்பது அற்பமன்று. 2005-இல் இயற்றிய சட்டம் அளித்த நூறு நாள் வேலை கிராமத்தாருக்கே உரியதாயிருந்தது. நகரத்தின் எல்லைக்குள் வந்தவுடன் ஓர் ஏழை விதவையின் வயிறு சிறுத்துவிடுவதில்லை. வேலை மட்டும் போய்விடுகிறது. வீட்டுவரி பற்றிய அச்சம் வேறு. எல்லாவற்றினும் பெரிய நஷ்டம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் ஊரார் கூடி, வரவு செலவை எழுந்து நின்று கேட்கும் உரிமை அது. பலர் அதைச் சரிவரப் பயன்படுத்தவில்லை என்பது மெய்தான். பயன்படுத்தாத பாத்தியதையும் பாத்தியதையே அல்லவா? மாநகராட்சியின் வார்டுக் கூட்டம் அதற்கு ஈடாகுமா என்பதை அனுபவத்தில் காட்ட வேண்டும்.

நிலத்தின் விஷயம் இன்னும் கடுமையானது. சமவெளியில் மனை விலை ஏற ஏற, இடமற்ற ஏழைகள் மலைச்சரிவில் குடியேறினர். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, பெஞ்சல் புயலின் மழையில் வ.உ.சி. நகரில் மலை சரிந்து ஏழு உயிர்கள் மாண்டன. அவர்களில் ஐவர் குழந்தைகள். நகரம் தன் ஏழைகளுக்குச் சமதரையில் இடம் வைக்காததன் விலை அது என்றே நாம் கருதுகிறோம்.

இப்பொழுது நகரத்தின் பார்வை மேல்திசைக்குத் திரும்பியிருக்கிறது. மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கித்தான் அடிவாரத்துக் குளங்களையும் ஏரிகளையும் நிரப்புகிறது. ஓடையைத் தூர்த்து மனை பிரித்துவிட்டால், தண்ணீர் வீட்டு வாசலைத்தான் தேடி வரும். ஆகவே, புதிய மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தருவதற்கு முன்பே, சேர்ந்த பதினெட்டு ஊர்களிலும் உள்ள ஏரி, ஓடை, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைச் சர்வே எண்ணுடன் அச்சிட்டு, ஊர்ச் சாவடிகளில் ஒட்ட வேண்டும். வீடற்றோருக்கென மலையடிவாரத்திற்கு அப்பால் சமதரையில் எவ்வளவு நிலம் ஒதுக்கப்படும் என்பதையும் அதே தாளில் சொல்லட்டும்.