சராசரி வேகமும் தொப்பூர்க் கணவாயும்

தருமபுரியிலிருந்து சேலத்துக்குச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, பாளையம் சுங்கச்சாவடியைக் கடந்தபின் மலைகளுக்கிடையே இறங்கத் தொடங்குகிறது. அதுவே தொப்பூர்க் கணவாய். வடக்கேயிருந்து சரக்கு ஏற்றிவரும் லாரிகளுக்கு இந்த நெடிய இறக்கமும் இதன் வளைவுகளும் பெருஞ்சோதனை. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று, முன்னர் நேர்ந்த ஒரு விபத்தினால் அங்கே தேங்கி நின்ற வாகனங்களின்மீது சிமெண்டு ஏற்றிவந்த லாரி ஒன்று மோதியது, நால்வர் மாண்டனர். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் கார்களும் ஒன்றன்மேல் ஒன்று மோதி மீண்டும் நால்வர் உயிரிழந்தனர். கட்டமேடு, இரட்டைப் பாலம் என்னும் பெயர்களைச் சொல்லும்போது நம் மாவட்டத்து மக்களின் குரல் சற்றே தாழ்வது இதனால்தான்.

இந்த இறக்கத்தில் கனரக வாகனங்கள் மணிக்கு 30 கிலோமீட்டருக்குமேல் செல்லலாகாது என்பது கட்டளை. கட்டளை எழுதுவது எளிது. அதை ஒருவர் மீறினாரா இல்லையா என்று அளந்து சொல்வது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

என்னிடம் கணக்குப் படித்த மாணவர் ஒருவர் இன்று லாரி ஓட்டுகிறார். சில மாதங்களுக்குமுன் ஒரு தேநீர்க்கடையில் அவரைச் சந்தித்தேன். வேகக் காமிராக்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "ஐயா, அதற்கு ஒரு வழி இருக்கிறது. கம்பத்துக்கு நூறு அடி முன்னால் பிரேக்கை மிதித்துவிட்டு, தாண்டியதும் விட்டுவிட்டால் போதும்" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. ஒருவகைக் காமிராவுக்கு அது முற்றிலும் மெய். அந்தக் காமிரா ஓர் இடத்தில், ஒரு கணத்தில் உள்ள வேகத்தை மட்டுமே அறியும். ராடார் அலையை வாகனத்தின்மீது செலுத்தி, திரும்பிவரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகத்தைக் கணிக்கும். ரயில் நெருங்கும்போது ஊதல் ஒலி கீச்சென்று உயர்ந்தும், கடந்துசென்றபின் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? அதே தத்துவந்தான். கம்பத்துக்கு அப்பால் நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது.

இன்னொரு வகை இருக்கிறது. அதற்கு ராடார் வேண்டியதில்லை. சாலையில் சில கிலோமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு காமிராக்களை நிறுத்துகிறார்கள். முதற் காமிரா வண்டியின் பதிவெண்ணைப் படித்து, கடந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. இரண்டாம் காமிராவும் அவ்வாறே செய்கிறது. ஒரே எண் இரண்டு பட்டியலிலும் வந்ததும், தூரத்தை நேரத்தால் வகுத்துவிடுகிறது கணிப்பொறி. ஐந்தாம் வகுப்பு மாணவன் சிலேட்டில் போடும் கணக்கு அது! இதனைச் சராசரி வேகக் காமிரா என்கிறோம்.

வேகத்தை அளக்கும் வழிகளில் இதுவே பழையது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மோட்டார் வண்டிகள் பெருகியபோது, அளந்து குறித்த தூரத்தின் இரு முனைகளிலும் போலீசார் மறைந்து நின்று, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதையே செய்தார்கள். அவர்கள் எங்கே மறைந்திருக்கிறார்கள் என்று உறுப்பினர்களுக்கு எச்சரிக்கை செய்வதற்கென்றே 1905-இல் அங்கே ஒரு மோட்டாரிஸ்டு சங்கம் தோன்றிற்று. மனித இயல்பு அன்றும் இன்றும் ஒன்றுதான் போலும். பதிவெண்ணைப் பொறியே படிக்கும் ஆற்றல் வந்தபின் பழைய முறை புதுவடிவம் பெற்றது. பிரிட்டனில் 1999-இலிருந்தும், இத்தாலியில் 2005-இலிருந்தும் இது வழக்கில் உள்ளது; நெதர்லாந்திலும் உண்டு. நம் நாட்டில் மும்பை–புனே விரைவுச்சாலையில் 2024 ஜூலையில் தொடங்கிய கண்காணிப்பு ஏற்பாட்டில் சராசரி வேகத்தை அளக்கும் காமிராக்களும் உண்டு. அந்தச் சாலையும் கண்டாலா மலைச்சரிவில் இறங்கிச் செல்வது என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஓர் இறக்கத்தின் தலையிலும் அடியிலும் இத்தகைய காமிராக்கள் இருப்பதாகவும், இடைத்தூரம் 6 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். வேக வரம்பு 30. அப்படியானால் அந்தத் தூரத்தைக் கடக்கக் குறைந்தது 12 நிமிடம் ஆகவேண்டும். ஒரு லாரி 9 நிமிடத்தில் கடந்துவிட்டது. சராசரி வேகம் 40. "நான் எந்த இடத்தில் வேகமாகப் போனேன்? காட்டுங்கள் பார்ப்போம்!" என்று ஓட்டுநர் வாதாடலாம். இடத்தைக் காட்டமுடியாது, ஆனால் மீறினார் என்பதில் ஐயமே இல்லை. வழி முழுவதும் ஒருகணமேனும் 30-ஐத் தாண்டாதிருந்தால் 12 நிமிடத்துக்குமுன் அவர் அடிவாரத்தை அடைந்திருக்கவே முடியாது. கல்லூரி மாணவர்கள் இங்கே லாக்ராஞ்சியின் சராசரி மதிப்புத் தேற்றத்தைக் கண்டுகொள்வார்கள். பயணத்தில் ஏதோ ஒரு கணத்தில் அவருடைய வேகம் துல்லியமாக 40-ஆகவே இருந்தது என்று அத்தேற்றம் உறுதி கூறும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த தேற்றம் நெடுஞ்சாலையில் சாட்சி சொல்ல வருவது எனக்கு மகிழ்ச்சியே.

என் பழைய மாணவரிடம் இதைச் சொன்னதும் அவர் மற்றொரு கணக்கை எடுத்தார். "முதற்பாதியை 60-இல் போய், மறுபாதியை 20-இல் போனால்?" என்றார். வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டால், 60-ஐயும் 20-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 40 என்று பெரும்பாலோர் கூறிவிடுவர். அது தவறு. முதல் 3 கிலோமீட்டருக்கு 3 நிமிடம். அடுத்த 3 கிலோமீட்டருக்கு 9 நிமிடம். ஆக 12 நிமிடம். சராசரி 30! காமிரா அவரை விட்டுவிடும். தூரங்கள் சமமாயிருக்கும்போது மெதுவாகச் சென்ற பகுதியே அதிக நேரத்தை விழுங்குவதால் சராசரி அதன் பக்கம் சாய்கிறது. முழுத்தூரத்தையும் 60-இல் ஓட்டிவிட்டு, நடுவே 6 நிமிடம் நின்று தேநீர் அருந்தினாலும் விடை இதுவே. இது இம்முறையின் மெய்யான குறை. வளைவு நிறைந்த கணவாயில் இரண்டு காமிரா போதாது. இறக்கத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அளக்கவேண்டும். துண்டுக்குள் தேநீர்க்கடையும் இருக்கலாகாது.

மற்ற நம்பிக்கைகளில் பல இவ்வளவு ஆராய்ச்சிக்கு உரியவையல்ல. இரவில் காமிராவுக்குக் கண் தெரியாது என்கிறார்கள். அது நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. பதிவெண் தகடு அதைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே டி.என். 29 என்று தொடங்கும் நம் மாவட்டத்துத் தகட்டை அது நள்ளிரவிலும் படிக்கும். தடம் மாறி ஓட்டினால் தப்பலாம் என்பது இன்னொன்று. பிரிட்டனில் தொடக்ககாலக் காமிராக்கள் தடத்துக்குத் தடம் இணைக்கப்பட்டிருந்தமையால் அன்று அதில் ஓரளவு உண்மை இருந்தது. இன்று எந்தத் தடத்தில் நுழைந்து எந்தத் தடத்தில் வெளியேறினாலும் எண் எண்தானே? தகட்டில் சேறு பூசுவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது அறியாமையன்று, வேறு குற்றம்.

"இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகாவிட்டால்?" என்பது மட்டும் நல்ல கேள்வி. செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக்குறிப்பைக் கொண்டு இரண்டையும் ஒருங்கிணைக்கிறார்கள். அப்படியும் ஒரு முழு வினாடி பிழை நேர்ந்ததென்றே கொள்வோம். 720 வினாடியில் 1 வினாடி! 30 கிலோமீட்டர் என்பது 30.04 ஆகும், அவ்வளவே. இதே கணக்கை 10 மீட்டர் தூரத்துக்குச் செய்து பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க 1.2 வினாடி ஆகும். பத்தில் ஒரு வினாடி பிழைத்தாலும் விடை நூற்றுக்கு எட்டுப் பங்கு மாறிவிடும். அளக்கும் தூரம் நீள நீளப் பிழை சுருங்குகிறது. வளைவின் உட்புறத்தில் ஓட்டினால் தூரம் குறையுமே என்பதற்கும் விடை உண்டு. வண்டி செல்லக்கூடிய மிகக் குறுகிய பாதையின் நீளத்தையே கணக்கில் எடுத்துக்கொண்டால், வேறுபாடு எப்போதும் ஓட்டுநருக்குச் சாதகமாகவே அமையும்.

ஆயினும் தொப்பூரைப் பொறுத்தவரை இவற்றைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 30 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 3 கோடி ஜூல். 30 பாகையிலுள்ள 100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு ஆற்றல் போதும். வேகம் கூடாமல் இறங்கவேண்டுமானால் இந்த ஆற்றல் எங்கேயாவது போயாகவேண்டும். காற்றும் சக்கரங்களும் ஒரு பங்கை ஏற்கும். கீழ் கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும்பங்கை ஏற்கும். நியூட்ரலில் இறங்கினாலோ எஞ்சின் விலகிக்கொள்கிறது. மிச்சம் முழுவதும் பிரேக் டிரம்களில் வெப்பமாகச் சேர்கிறது. அளவுக்குமீறிச் சூடேறிய பிரேக் பிடிப்பை இழந்துவிடும். கால் மிதிக்கிறது; வண்டி நிற்பதில்லை.

இறங்கும் உயரம் மாறாததால், வேகமாகச் சென்றாலும் மெதுவாகச் சென்றாலும் அந்த வெப்பத்தின் மொத்தம் கிட்டத்தட்ட ஒன்றே. மாறுவது, அது ஆறுவதற்குக் கிடைக்கும் நேரம். 12 நிமிடத்தில் இறங்குகிறவரின் பிரேக்குக்கு 12 நிமிடம் கிடைக்கிறது. 6 நிமிடத்தில் இறங்குகிறவருடையதற்குப் பாதிதான். வளைவில் கவிழ்வதை அந்த இடத்து வேகம் தீர்மானிக்கிறது. பிரேக் வேகுவதை முழு இறக்கத்தின் சராசரி வேகம் தீர்மானிக்கிறது. ஒற்றைக் கம்பத்தைக் கண்டு திடீரென மிதித்து, பிறகு விட்டு, மீண்டும் மிதிக்கும் ஓட்டுநர் அபராதத்திலிருந்து தப்புகிறார். டிரம்மோ அவர் மிதித்த ஒவ்வொரு மிதியையும் கணக்கில் வைத்துக்கொள்கிறது. ஆகவேதான் இத்தகைய இறக்கத்துக்குச் சராசரி வேகக் காமிராவே ஏற்றது என்று நான் கருதுகிறேன்.

நியூட்ரலில் இறங்குவது ஏன்? டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை. மின்னணுவியல் முறையில் எரிபொருள் செலுத்தும் இக்கால எஞ்சின்களில் இந்நம்பிக்கை தலைகீழானது. கியரில் இருக்கும்போது முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் பாய்வது நின்றுவிடுகிறது; எஞ்சினைச் சக்கரங்களே சுழற்றுகின்றன. நியூட்ரலில் எஞ்சின் அணையாதிருக்கச் சிறிதளவு டீசல் எரிந்துகொண்டே இருக்கவேண்டும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவோரும் உண்டாம். பிரேக்குக்கு வேண்டிய காற்றழுத்தத்தைத் தருவதே அந்த எஞ்சின்தான் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை போலும்.

என் மாணவர் இவற்றையெல்லாம் அமைதியாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரி ஐயா. ஓசூரில் சரக்கை ஏற்றிவிட்டு, விடிவதற்குள் ஈரோட்டில் இருக்கவேண்டும் என்கிறார் முதலாளி. காமிரா என்னைப் பிடிக்கும், அவரைப் பிடிக்குமா?" என்றார்.

சட்டம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 136-ஏ பிரிவு மின்னணுக் கருவிகளால் கண்காணிப்பதற்கு வழிசெய்கிறது. அதன்கீழ் 2021-இல் வகுக்கப்பட்ட விதி, கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அனுமதிச் சான்று வேண்டும் என்றும், கண்காணிப்பு நடைபெறுவதை அறிவிக்கும் பலகை வைக்கவேண்டும் என்றும் கூறுகிறது. மிகுவேகத்துக்குத் தண்டனை கூறும் 183-ஆம் பிரிவு ஓட்டுநரோடு நிற்கவில்லை. பணியாளரை அவ்வாறு ஓட்டச் செய்பவரையும் தண்டிக்கிறது. அதே பிரிவின் 4-ஆம் உட்பிரிவு இன்னும் சுவையானது. ஒரு பயணத்தையோ அதன் ஒரு பகுதியையோ இன்ன நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்று ஒருவர் கால அட்டவணை வெளியிட்டாலோ கட்டளையிட்டாலோ, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் முடிப்பது இயலாது என்று நீதிமன்றம் கருதினால், அக்கட்டளையே அவருக்கு எதிரான முதல்நிலைச் சான்றாகும். தூரத்தை நேரத்தால் வகுக்கும் அதே கணக்கு! காமிரா ஓட்டுநருக்குச் செய்வதை இந்த உட்பிரிவு முதலாளிக்குச் செய்கிறது.

அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, அந்தப் பிரிவின் எண்ணை ஒரு சீட்டில் எழுதித் தருமாறு கேட்டார். எழுதிக் கொடுத்தேன். நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினார்.